சூடு ஆறாத சன்னாசி

தை பிறந்து மூன்றாம் நாள் சாயங்காலம், நகராட்சித் தங்குமிடத்தின் வாசலில் வந்து நின்ற சன்னாசி என்பவரிடம் இடமில்லை என்று சொன்னவள் அதன் காப்பாளர் செபஸ்தியம்மாள்தான். அதை அவள் பிறகு யாரிடமும் மறைக்கவில்லை. உள்ளே முப்பது கட்டில், முப்பது பேர், முப்பத்தொன்றாவது ஆளைச் சேர்த்தால் அவள் வேலை போய்விடும் என்பது அந்த மலை நகரத்தில் வீடில்லாமல் கிடந்த எல்லோருக்கும் தெரியும், சன்னாசிக்கும் தெரியும். காய்கறி மண்டியில் காரட் மூட்டை சுமந்து, இடுப்பு போனபின் மூட்டை தூக்க முடியாமல், லாரியிலிருந்து சிந்திய காரட்டைப் பொறுக்கிக் கழுவி விற்றுப் பிழைத்த அந்த அறுபது வயதுக்காரர், "சரிங்கம்மா" என்றார். படியிறங்கிப் போனவர் திரும்பி வந்து, "கொஞ்சம் சுடுதண்ணியாச்சும் கிடைக்குங்களா?" என்று கேட்டார். "அடுப்ப அணைச்சிட்டேன், நாளைக்கு நேரத்தோட வாங்க" என்று சொல்லிவிட்டு அவள் கதவைச் சாத்தினாள்.

மறுநாள் காலை முதல் பஸ்ஸை எடுக்க வந்த டிரைவர், கண்ணாடியில் படிந்த பனிக்கட்டியைச் சுரண்டிக்கொண்டிருந்தபோதுதான் டிக்கெட் கவுண்டர் ஓரத்தில் சன்னாசி கிடப்பதைப் பார்த்தார். பஸ் ஸ்டாண்டு முழுக்க உப்புக் கொட்டிய மாதிரி உறைபனி வெளுத்திருக்க, சன்னாசியைச் சுற்றி ஒரு கட்டில் அகலத்துக்கு மட்டும் தரை காய்ந்து கறுப்பாக இருந்தது. மூன்று தெருநாய்கள் அவர் வயிற்றோடும் முதுகோடும் ஒட்டிப் படுத்து அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தன. அவற்றை விரட்டப் பெரும்பாடு பட்டதாக ஆம்புலன்ஸ்காரர்கள் சொன்னார்கள்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் இம்தியாஸ் பார்த்தார். நாடி இல்லை, மூச்சு இல்லை, டார்ச் அடித்தால் கண்மணி சுருங்கவில்லை. ஆனால் தெர்மாமீட்டர் தொண்ணூற்றொன்பது காட்டியது. பத்து மணிக்கு நூறு, மத்தியானம் நூற்றிரண்டு. செய்தி கேட்டு வேலையைப் போட்டுவிட்டு ஓடிவந்திருந்த செபஸ்தியம்மாள் வராந்தாவில் நின்று, "இருக்காரா டாக்டர்?" என்று கேட்டாள்.

"இல்லம்மா. செத்துட்டார். ஆனா குளிர மாட்டேங்கிறார்."

இறப்புச் சான்றிதழுக்கான பாரத்தில் 'உடல் குளிர்ந்த நேரம்' என்று ஒரு கட்டம் இருந்தது. அதை நிரப்பாமல் கையெழுத்துப் போட டாக்டருக்கு அதிகாரம் இல்லை. குளிரட்டும் என்று பிணவறையில் ஐஸ் பெட்டிக்குள் வைத்தார்கள். ஒரு மணி நேரத்தில் ஐஸ் எல்லாம் உருகித் தரையெங்கும் ஓடியது, பெட்டியின் மோட்டார் முக்கி முக்கி நின்றுபோனது. "மத்த ரெண்டு பேரும் கெட்டுப்போயிருவாங்க சார், இவர எங்கயாச்சும் கொண்டுபோங்க" என்று பிணவறை ஊழியர் கையெடுத்துக் கும்பிட்டார்.

காகிதத்தில் சாகாதவரைப் புதைக்க முடியாது. நோய் ஒன்றும் இல்லாததால் வார்டில் வைக்கவும் முடியாது. அப்படியானால் இவர் யார் என்று சுகாதார அலுவலர் வரதராஜுலு அரைமணி நேரம் மேலே பார்த்து யோசித்துவிட்டு, "வீடில்லாதவர்" என்று முடிவு சொன்னார். மேற்படி நபருக்குக் கூடுதலாக ஒரு படுக்கை ஒதுக்கும்படி தங்குமிடக் காப்பாளருக்கு உத்தரவு எழுதி, முத்திரை குத்தி, வண்டியும் ஏற்பாடு செய்தார். ஒரு நாள் முன்னால் கிடைக்காத இடம் சன்னாசிக்குக் கடுதாசியோடு கிடைத்தது.

தங்குமிடம் என்பது பழைய உருளைக்கிழங்குக் கிடங்கு. தகரக் கூரை, சிமெண்டுத் தரை, சுவரோரம் வரிசையாக இரும்புக் கட்டில்கள். நடுவில் கிழங்கு தரம்பிரிக்கிற நீளமான மர மேஜை ஒன்று இருந்தது. செபஸ்தியம்மாள் அதன்மேல் தன்னுடைய கம்பளியை விரித்து சன்னாசியைக் கிடத்தினாள். அவர் உள்ளங்கையைத் தொட்டுப் பார்த்தவள், சுட்டுவிட்டதைப்போல் கையை இழுத்துக்கொண்டாள். அப்படியொன்றும் சுடவில்லை.

இருட்டுகிற நேரத்தில் முதலில் எழுந்து வந்தவர் கோட்டு மாணிக்கம். யாரோ சுற்றுலாக்காரர் விட்டுப்போன, முழங்கால்வரை தொங்குகிற மேல்கோட்டைப் பன்னிரண்டு வருஷமாகக் கழற்றாமல் போட்டிருந்ததால் அவருக்கு அந்தப் பெயர். அவர் மேஜையருகே குந்தி உட்கார்ந்து, கையை நீட்டி, அடுப்பில் காய்வதுபோல் காய்ந்தார். "நல்ல சூடும்மா" என்றார். பிறகு ஒருவர் பின் ஒருவராகக் கட்டிலைவிட்டு இறங்கி வந்தார்கள். பலூன் விற்கிற மல்லேஷும் அவன் பெண்சாதியும் எட்டு மாதக் குழந்தையை மேஜைக்கடியில் துணி விரித்துக் கிடத்தினார்கள். இரண்டு மாதமாக மார்ச்சளியில் கர்ர்கர்ரென்று இழுத்துக்கொண்டிருந்த அந்தக் குழந்தை, அன்றைக்கு மூச்சு சீராகித் தூங்கியது. நாற்றம் ஏதும் இல்லை. வெந்த உருளைக்கிழங்கின் வாசனைதான் மெல்ல வந்தது, அதனால் எல்லோருக்கும் கொஞ்சம் பசித்தது.

நாலாம் நாள் தெர்மாமீட்டரில் பாதரசம் உச்சிக்குப் போய் முட்டி நின்றுவிட்டது. ஒரு வாரத்தில் கிடங்கின் கடைசி மூலைவரை வெதுவெதுப்பு பரவியது. மாதாகோவில் படிக்கட்டில் படுத்தவர்களும், மார்க்கெட் வராந்தாவில் சாக்குக்குள் சுருண்டவர்களும், ரயில் நிலையத்துக் கழிப்பறைக்குப் பின்னால் கிடந்தவர்களும் வந்தார்கள். முப்பது என்பது ஐம்பதாகி, எழுபதாகி, எண்பத்திரண்டானது. செபஸ்தியம்மாள் கணக்குப் பார்ப்பதை விட்டுவிட்டாள். சோதனைக்கு வந்த வரதராஜுலுவும் கூட்டத்தை ஒன்றும் சொல்லவில்லை. ஸ்வெட்டரைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு, சன்னாசியின் காலடியில் கால்மணி நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு, "என் மூட்டுவலிக்கு இதமா இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

நகரமும் சன்னாசியைத் தன் வழக்கங்களுக்குள் சேர்த்துக்கொண்டது. வாரக்கணக்கில் துணி காயாத ஊர் அது. பகல் நேரங்களில் பெண்கள் குழந்தைத் துணிகளையும் பள்ளிக்கூடச் சீருடைகளையும் கொண்டுவந்து மேஜைக்கு மேலே கயிறு கட்டிக் காயப்போட்டார்கள், பேக்கரிக்காரர் மாவு பொங்கி வரட்டும் என்று அண்டாவோடு கொண்டுவந்து சன்னாசியின் தலைமாட்டில் வைத்துவிட்டுப் போய் இரண்டு மணி நேரம் கழித்து வந்து எடுத்தார். யாரோ நெற்றியில் விபூதி பூசினார்கள், யாரோ காலடியில் மெழுகுவத்தி ஏற்றினார்கள், அது சூட்டில் வளைந்து தலைகுப்புற விழுந்தது. வெளியூரிலிருந்து வந்த புதுமணத் தம்பதிகள் படகுத்துறையையும் பூங்காவையும் பார்த்துவிட்டு இவரையும் பார்க்க வந்தார்கள். ஏன் சுடுகிறது என்று ஆரம்பத்தில் கேட்டவர்கள்கூட, கொஞ்ச நாளில், எப்போது கூட்டம் குறைவாக இருக்கும் என்று மட்டும் கேட்டார்கள். ஒருவரும் சன்னாசியின் முழுப்பெயரைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் செபஸ்தியம்மாளுக்கும் தெரிந்திருக்காது.

சன்னாசிக்குப் பிறகு அந்தத் தை மாதத்தில் குளிரில் ஒருவர்கூடச் சாகவில்லை. பத்தொன்பது வருஷமாக அந்தக் கிடங்கைக் காத்தவள் செபஸ்தியம்மாள். ஒவ்வொரு பனிக்காலத்திலும் ஏழெட்டுப் பேரைப் போர்வையோடு சேர்த்துச் சுற்றித் தூக்கிக் கொடுத்தவள். விடிகாலையில் எண்பத்திரண்டு பேரும் இருமிக்கொண்டும் கொட்டாவி விட்டுக்கொண்டும் எழுவதைப் பார்க்கிறபோது அவளுக்குச் சந்தோஷம் வரும், அதற்குப் பின்னாலேயே அந்தச் சுடுதண்ணி ஞாபகம் வரும். எல்லோரும் வெளியே போனபின் அவள் ஒரு டம்ளரில் வெந்நீர் கொண்டுவந்து சன்னாசியின் பக்கத்தில் வைப்பாள். அது ஆறாமல் அப்படியே இருக்கும், சாயங்காலம் எடுத்துக் கொட்டுவாள்.

தை கடைசியில் நகராட்சியிலிருந்து ஒரு கடிதம் வந்தது. தங்குமிடத்தில் போதிய வெப்பம் நிலவுவதால் இவ்வாண்டுக்கான போர்வைக் கொள்முதலும், தெருமுனைகளில் தீமூட்ட வழங்கப்படும் விறகும் நிறுத்தப்படுகின்றன என்று அதில் இருந்தது. செபஸ்தியம்மாள் அதை எடுத்துக்கொண்டு வரதராஜுலுவிடம் போனாள்.

"சார், அவர் ஒரு மனுஷன் சார். ஹீட்டர் இல்ல."

"மனுஷன் இல்லேன்னு யாரும்மா சொன்னா? அதனாலதான் கரண்டு பில்லுகூட வரல."

"நாளைக்கே ஆறிட்டார்னா என்ன சார் பண்றது?"

"ஆறட்டும், அப்ப எழுதுங்க. போன வருஷம் எட்டுப் பேர், இந்த வருஷம் ஒருத்தரும் இல்ல. கலெக்டர் ஆபீஸ்லேர்ந்து பாராட்டி எழுதியிருக்காங்க. இப்பப் போய் போர்வை வேணும்னு நான் எப்படிம்மா கேக்கறது?"

வருஷாவருஷம் பழைய ஸ்வெட்டர் சேகரித்துக் கொடுக்கிற கிளப் பெண்களிடம் போனாள். அவர்கள் டீ கொடுத்து உட்காரவைத்து, ரொம்ப நல்ல மனசு உங்களுக்கு என்று சொல்லி, இந்த வருஷம் ஸ்வெட்டரையெல்லாம் வெள்ளம் வந்த ஊருக்கு அனுப்பிவிட்டதாகச் சொன்னார்கள். பங்குச் சாமியாரும் வருத்தத்தோடு அதையேதான் வேறு விதமாகச் சொன்னார். எல்லோரும் நல்லவர்களாகவே இருந்தார்கள். அவளுக்கு யாரைத் திட்டுவது என்று தெரியவில்லை.

மாசி பிறந்த வாரம் சன்னாசியின் தங்கை வந்தாள். செவனம்மா என்று பேர், கீழே தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுக்கிறவள், ஐம்பத்தைந்து வயசிருக்கும். பேரன் செல்போனில் காட்டிய படத்தில் அண்ணனைப் பார்த்துவிட்டு மூன்று பஸ் மாறி வந்திருந்தாள். கிடங்குக்குள் நுழைந்தவள் கயிற்றில் தொங்கிய துணிகளை விலக்கிக்கொண்டு போய் மேஜையருகே நின்றாள். அழவில்லை. தலைமாட்டில் இருந்த மாவு அண்டாவை நகர்த்தித் தரையில் வைத்தாள். பிறகு திரும்பி, அங்கே உட்கார்ந்திருந்தவர்களைப் பார்த்து, "உசுரோட இருந்தப்ப இந்த மனுசன் பக்கத்துல யாராச்சும் உக்காந்தீங்களா?" என்று கேட்டாள்.

கோட்டு மாணிக்கம் மட்டும், "பீடி கேட்டிருக்கேன் தாயி. ரெண்டு தடவ குடுத்தார்" என்றார்.

"எங்கண்ணன நான் கொண்டுபோறேன். படுத்தது போதும்."

செபஸ்தியம்மாள் அவள் கையைப் பிடித்து வாசல் பக்கம் அழைத்துப்போனாள். "உங்கண்ணன் இங்கதான் வந்தார்மா, அன்னிக்கு. நான்தான் இடமில்லேன்னேன். சுடுதண்ணி கேட்டார். அதுவும் இல்லேன்னேன். அடுப்பப் பத்தவைக்க ரெண்டு நிமிஷம் ஆகியிருக்கும்."

செவனம்மா வாசல்படியில் உட்கார்ந்தாள். எதிர்ச்சரிவில் பனிமூட்டம் இறங்கிக்கொண்டிருந்தது.

"அண்ணன் எப்பவும் ஒரு தடவதான் கேக்கும்" என்றாள். "சிலோன்லேர்ந்து கப்பல்ல வந்தப்ப எனக்கு நாலு வயசு, அதுக்கு ஒம்பது. மண்டபம் முகாம்லேர்ந்து ரயிலு, அப்புறம் லாரி. லாரி மல ஏற ஏற எனக்குப் பல்லு கிட்டுது. போட்டிருந்த சட்டையக் கழட்டி எனக்கு மாட்டிவிட்டுட்டு வெறும் ஒடம்போட வந்துச்சு. அன்னிக்குப் புடிச்ச குளிரு. வெயில்ல நின்னாலும் குளிருதுன்னு சொல்லும்." முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு சொன்னாள்: "தோட்டத்து லயத்துல எங்க வீடு ஒரே ரூமு. மக, மருமகன், ரெண்டு பிள்ளைக. நாலு வருசம் முந்தி மருமகன் ஒரு சொல்லு சொல்லிப்புட்டான். அண்ணன் என் மொகத்தப் பாத்துச்சு. நான் ஒண்ணுஞ் சொல்லல. அப்படி வந்ததுதான் இங்க. நீங்க மட்டுமாம்மா இடமில்லேன்னீங்க?"

அன்றைக்கு அவள் போகவில்லை. சாயங்காலம் எண்பத்திரண்டு பேரும் வந்து அடைந்தபோது, அண்ணனின் தோளோரமாக அவளுக்கு இடம் விட்டார்கள். மல்லேஷின் குழந்தை தவழ்ந்துபோய் சன்னாசியின் தொங்கிய கையைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றது. முதல் தடவையாக நின்றது என்று அதன் தாய் கூவினாள். செவனம்மா அதைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, "பனி போகட்டும், அப்புறம் எடுத்துக்கிறேன்" என்று செபஸ்தியம்மாளிடம் சொல்லி, அங்கேயே தங்கிக்கொண்டாள்.

ஆனால் அந்த வருஷம் பனி போகவில்லை. மாசி இரண்டாம் வாரத்தில், ஊரில் யாரும் கண்டிராதபடி, ஏரியோரத்துத் தண்ணீர் கண்ணாடியாய் உறைந்தது. அந்த வாரம்தான் சன்னாசி ஆறத் தொடங்கினார். முதலில் பேக்கரிக்காரர்தான் சொன்னார், மாவு பொங்க நேரமாகிறது என்று. மறுநாள் துணிகள் ஈரமாகவே இருந்தன. பாதரசம் உச்சியைவிட்டு இறங்கி, நூற்றைந்து, நூற்றொன்று என்று தினமும் கீழே வந்தது. துணிகளை எடுத்துக்கொண்டு போன பெண்கள் திரும்பி வரவில்லை. செபஸ்தியம்மாள் மூன்று தடவை மனு எழுதினாள். டெண்டர் விட்டு, ஆர்டர் போட்டு, திருப்பூரிலிருந்து போர்வை வந்துசேர சித்திரை ஆகிவிடும் என்று பதில் வந்தது.

ஒரு சனிக்கிழமை காலை சன்னாசி ஒரு சாதாரண மனிதனின் சூட்டில் இருந்தார். மத்தியானம் கை விரல்கள் சில்லிட்டுவிட்டன. அப்போது யாரும் சொல்லாமலே எல்லோரும் வேலையில் இறங்கினார்கள். செவனம்மா அண்ணனின் பாதத்தை மடியில் வைத்து உள்ளங்காலைப் பரபரவென்று தேய்த்தாள். மல்லேஷ் பலூன் ஊதுகிற தன் பெரிய மூச்சையெல்லாம் அவர் கைகளுக்குள் ஊதினான். செபஸ்தியம்மாள் அடுப்பை மூட்டி, வெந்நீரில் துணி நனைத்துப் பிழிந்து நெஞ்சில் போட்டாள், ஆறினதும் மாற்றினாள், மறுபடி மாற்றினாள். தங்களிடம் இருந்த தலைக்குல்லாவை, கிழிந்த ஸ்வெட்டரை, சாக்கை, சேலையை ஒவ்வொருவராகக் கொண்டுவந்து அவர்மேல் போர்த்தினார்கள். கோட்டு மாணிக்கம் பன்னிரண்டு வருஷம் கழற்றாத கோட்டைக் கழற்றினார். உள்ளே அவர் இவ்வளவு சின்ன ஆள் என்று அதுவரை யாருக்கும் தெரியாது. அதை சன்னாசிக்கு மாட்டி, கழுத்துவரை பொத்தான் போட்டுவிட்டார்.

நாலு மணிக்கு டாக்டர் இம்தியாஸ் பையோடு வந்து நின்றார். "விடுங்கம்மா" என்றார்.

"இன்னும் கொஞ்ச நேரம் டாக்டர். வயித்துல இருக்கு சூடு. தொட்டுப் பாருங்க" என்றாள் செபஸ்தியம்மாள்.

டாக்டர் தொட்டுப் பார்த்தார். அவரும் மேஜையோரம் உட்கார்ந்து ஒரு கையை எடுத்துத் தேய்த்தார். ஐந்தே முக்காலுக்கு அவர் கடிகாரத்தைப் பார்த்துப் பாரத்தில் நேரத்தை எழுதினார்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், செவனம்மாவின் சம்மதத்தோடு, நகராட்சி மயானத்தில் புதைத்தார்கள். எண்பத்திரண்டு பேரும் டாக்டரும் போனார்கள். குழிக்குள் இறக்கும்முன் கோட்டைக் கழற்றித் தர வெட்டியான் பார்த்தபோது, "அவரோடயே போகட்டும், குடுத்தத வாங்கப்படாது" என்று மாணிக்கம் தடுத்துவிட்டார். செபஸ்தியம்மாள் எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள், அவர் கேட்கவில்லை. புதைத்தபின் செவனம்மா மண்ணில் கை வைத்துப் பார்த்தாள். பனி ஈரத்தில் எல்லா மண்ணையும்போல அதுவும் சில்லென்று இருந்தது. அவள் கடைசி பஸ்ஸுக்குப் போனாள்.

அன்று சாயங்காலமே முப்பது பேருக்கு மேல் கூடாது என்ற உத்தரவை மறுபடியும் அனுப்பியிருந்தார்கள். செபஸ்தியம்மாள் அதைப் பிரிக்காமலே அடுப்பில் போட்டுவிட்டு எல்லோரையும் உள்ளே விட்டாள். கட்டில்களை ஒதுக்கி, எல்லோரும் தரையில் ஒருவரை ஒருவர் நெருக்கிப் படுத்தார்கள். தன் கம்பளியை மாணிக்கத்துக்குக் கொடுத்து, அவளும் கூட்டத்தின் ஓரத்தில் படுத்தாள். தகரக் கூரை வழியாகக் குளிர் இறங்கியது. அவளிடம் இருந்தது ஓர் ஆளின் சூடுதான், அது பக்கத்தில் படுத்தவருக்கே பற்றவில்லை.

விடிந்தபோது மாணிக்கம் எழவில்லை. கம்பளி மல்லேஷின் குழந்தைமேல் கிடந்தது.

ஆம்புலன்ஸ் வந்து போனபின் யாரும் பிச்சைக்கோ வேலைக்கோ போகவில்லை. செபஸ்தியம்மாள் முன்னால் நடக்க, எல்லோரும் போர்வையும் விறகும் கேட்டு நகராட்சி அலுவலகத்துக்குப் போனார்கள். கோஷம் எதுவும் அவர்களுக்குத் தெரியாது. ஆணையர் கூட்டத்துக்குப் போயிருக்கிறார் என்று சொன்னார்கள், வரட்டும் என்று காத்திருந்தார்கள். ஒன்பது மணிக்குக் கிழக்குச் சுவரில் வெயில் விழுந்தது. எல்லோரும் போய் அந்தச் சுவரில் சாய்ந்து வரிசையாக உட்கார்ந்தார்கள். குமாஸ்தாக்கள் அவர்களுடைய கால்களைத் தாண்டிக்கொண்டு உள்ளே போனார்கள், வந்தார்கள். வரதராஜுலு ஒருமுறை வெளியே வந்து பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார். வெயில் நகர்ந்தது. அவர்களும் கூடவே நகர்ந்தார்கள். மத்தியானம் முன்வாசலுக்கு, இரண்டு மணிக்கு ஜீப் நிறுத்துகிற இடத்துக்கு, மூன்று மணிக்கு மேற்குச் சுவருக்கு. ஆணையர் வரவில்லை. நாலு மணிக்கு வெயில் அவர்களுடைய மடியைவிட்டு எழுந்து, தோளைத் தாண்டி, தலைக்கு மேலே சுவரில் ஏறியது. குழந்தையை மல்லேஷ் கைகளில் உயரத் தூக்கிப் பிடித்தான். கொஞ்ச நேரம் அதன் முகத்தில் மட்டும் வெயில் இருந்தது. அப்புறம் வெயில் ஜன்னலுக்குப் போனது, கூரை ஓட்டுக்குப் போனது. எல்லோரும் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள்.